திஸ்மனியானு: கட்சிக் குடும்பத்தில் பிறந்தவர் கட்சியின் வரலாற்றை எழுதலாமா?

வாசகர் கேள்வி: 4 பிப்ரவரி 2024

ருமேனியாவில் பிறந்த அரசியல் சிந்தனையாளர் விளாதிமிர் திஸ்மனியானுவின் பெயர் இங்கே அடிக்கடி அடிபடுகிறது. அந்நாட்டின் கம்யூனிச சர்வாதிகாரத்தை ஆராய 2006இல் அதிபர் அமைத்த ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். ஆனால் அவருடைய தந்தை அதே ஆட்சியின் பிரசாரத் துறையில் பெரிய பொறுப்புகளை வகித்தவர். தாயும் கட்சிக்காரர். திஸ்மனியானுவும் இளமையில் கட்சி சார்ந்த மாணவர் இதழ்களில் எழுதியவர். அப்படிப்பட்ட ஒருவர் அமெரிக்காவுக்குப் போய்ப் பேராசிரியராகி, பிறகு அதே கட்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அதை எப்படி நம்புவது? இது ஆய்வா, வீட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வதா?

4 பிப்ரவரி, இரவு

கேள்வியில் உள்ள தகவல்கள் சரியானவை. ஆனால் அவற்றில் பாதிதான் இருக்கிறது. மீதியையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வியின் வடிவமே மாறிவிடும்.

திஸ்மனியானு 1951 ஜூலை 4 அன்று பிரஷோவ் நகரில் பிறந்தார். தந்தை லியோன்தே, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் சர்வதேசப் படையணியில் சேர்ந்து போரிட்டு வலது கையை இழந்தவர். தாய் ஹெர்மினா மார்கூசோன் அதே போரில் செவிலியாகப் பணியாற்றியவர். இருவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சோவியத் ஒன்றியத்தில் கழித்துவிட்டு, போருக்குப் பின் ருமேனியாவுக்குத் திரும்பினார்கள். தந்தை புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் மார்க்சிய-லெனினியம் கற்பித்தார். கட்சியின் அரசியல் நூல் பதிப்பகத்தில் துணை இயக்குநராக இருந்தார்.

இதுவரை நீங்கள் சொன்னதுதான். ஆனால் 1950களின் இறுதியில் கட்சித் தலைவர் கெயோர்கியு-தேஜ் பழைய போராளிகள் மீது நடத்திய களையெடுப்பில் இந்த மனிதரும் சிக்கினார். 1960இல் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். மகனுக்கு அப்போது வயது ஒன்பது. எந்தக் கட்சிக்காகக் கையைக் கொடுத்தாரோ அந்தக் கட்சி தன்னை வெளியே தள்ளிய பிறகும் நம்பிக்கையை விடாத ஒருவரை, வீட்டுக்குள் அன்றாடம் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். ஆகவே 'ஆட்சியின் பிள்ளை' என்ற ஒரே சொல்லில் அவரை அடக்கிவிட முடியாது.

5 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சேர்க்கிறேன். தந்தை நீக்கப்பட்டார் என்பதற்காக அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை. புக்காரெஸ்டில் கட்சி மேல்தட்டினர் வாழ்ந்த பிரிமவேரி பகுதியில்தான் அவர் வளர்ந்தார். அவர் படித்த பள்ளியும் பெருமளவில் அந்த மேல்தட்டினரின் பிள்ளைகளுக்கான பள்ளி. சாதாரண ருமேனியக் குழந்தைக்குக் கிடைக்காத உரையாடல்களும் புத்தகங்களும் அவருக்குக் கிடைத்தன. அதைச் சலுகை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சலுகை அவருக்கு எதைக் காட்டியது, அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதில்தான் என் அக்கறை.

7 பிப்ரவரி

அவருடைய கல்வியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். பலரும் அவருடைய வாழ்க்கை 1981இல் நாட்டை விட்டு வெளியேறியதோடு தொடங்கியதைப் போல எழுதுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய ஏழெட்டு ஆண்டுகள்தான் முக்கியமாகத் தெரிகின்றன.

1974இல் புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் பெற்றார். 1980இல் முனைவர் பட்டம். ஆய்வின் பொருள், ஜெர்மனியில் தோன்றிய மார்க்சியச் சிந்தனையாளர் குழுவான பிராங்க்பர்ட் சிந்தனைப் பள்ளியின் விமர்சனக் கோட்பாடும் அன்றைய இடதுசாரித் தீவிரப் போக்கும். அதற்கு முன்பே, 1976இல், புதிய இடதுசாரி இயக்கத்தையும் பிராங்க்பர்ட் பள்ளியையும் பற்றி அவர் எழுதிய நூல், அவருடைய தந்தை ஒரு காலத்தில் பணியாற்றிய அதே அரசியல் நூல் பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது.

இந்தத் தலைப்பின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். 1971 ஜூலையில் அன்றைய கட்சித் தலைவர் சௌசெஸ்கு வெளியிட்ட பண்பாட்டுக் கட்டுப்பாட்டு அறிக்கைக்குப் பிறகு, பண்பாட்டுத் துறையில் அதற்கு முன் சில ஆண்டுகளாக இருந்த தளர்வு முடிந்துபோனது. மேற்கத்தியச் சிந்தனையாளர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமானால் அவரை மறுப்பதாக எழுத வேண்டும். பிராங்க்பர்ட் பள்ளியைச் சேர்ந்த அடோர்னோவையும் மார்க்யூசையும் மறுப்பதாகச் சொல்லி எழுதும் ஒருவர், மறுப்பதற்காகவாவது அவர்களைப் படித்தாக வேண்டும். மறுப்புக்கு முந்தைய பக்கங்களில் அவர்கள் சொன்னதை விளக்கியாக வேண்டும். படிப்பவர்களும் அந்த விளக்கப் பக்கங்களுக்காகவே வாங்கிப் படிப்பார்கள். பகுத்தறிவு வெறும் கருவியாகிவிடுவது, கருத்தியலின் பொய்த்தன்மை, அதிகாரத்துக்குப் பணியும் ஆளுமை ஆகியவற்றைப் பற்றி முதலாளித்துவ நாடுகளைக் குறித்து எழுதப்பட்ட வாக்கியங்கள், புக்காரெஸ்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு வேறொரு நாட்டைப் பற்றியும் பேசியிருக்கும்.

இவ்வளவு படித்தும் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பட்டம் பெற்றதிலிருந்து நாட்டை விட்டு வெளியேறும் வரை, கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் நகர்ப்புறச் சமூகவியலாளராகத்தான் வேலை பார்த்தார். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஒரே அச்சில் வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்தில், பகலில் அந்த வேலையும் மாலையில் ஹெகலும் லூகாச்சும். ஒரு தத்துவ மாணவரின் இருபதுகள் அப்படிக் கழிவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு உணர முடிகிறது.

7 பிப்ரவரி, பின்னிரவு

மேலே எழுதியதை மீண்டும் படித்தேன். அவர் இளைஞர் இதழ்களில் எழுதியவற்றுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எழுதினார், அதிகாரபூர்வ மொழியிலேயே எழுதினார். அவற்றை ஒளித்து வைத்த எதிர்ப்பு என்று வாசிக்க நான் தயாராக இல்லை. 1976 நூலில் மறைபொருள் இருக்கலாம். மாணவர் இதழ்க் கட்டுரைகளுக்கு அந்தப் பெருந்தன்மையை நீட்டுவது நேர்மையாகாது. அவை அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதி. எதிர்ப்பாளர்கள் அவற்றை எடுத்துப் போடுவதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் இருபத்தைந்து வயதில் எழுதியதை ஐம்பது வயதில் எழுதிய நூலுக்கு மறுப்பாகக் காட்ட முடியாது. நூலில் உள்ள ஆதாரம் தவறு என்று காட்டினால் அது மறுப்பு.

10 பிப்ரவரி

வெளியேறிய கதை சுருக்கமாக: 1981 செப்டம்பரில், தாம் இளமையில் பணியாற்றிய போர்க்களங்களைப் பார்க்கத் தாய்க்கு அனுமதி கிடைத்தது. மகனும் உடன் சென்றார். தாய் நாடு திரும்பினார், மகன் திரும்பவில்லை. ஸ்பெயினிலிருந்து வெனிசுவேலா, அங்கிருந்து 1982இல் அமெரிக்கா.

பெற்றோர் கம்யூனிசத்துக்காக உயிரைப் பணயம் வைத்த அதே மண்ணில் நின்று மகன் கம்யூனிச நாட்டை விட்டு விலகினார். நாவலில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

11 பிப்ரவரி

அமெரிக்காவில் முதலில் பிலடெல்பியா. அங்கே வெளியுறவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில் 1983 முதல் 1990 வரை. அதே காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். சுதந்திர ஐரோப்பா வானொலியின் ருமேனிய ஒலிபரப்பில் கட்சித் தலைவர்களின் வாழ்க்கையைப் பற்றித் தொடர்ந்து பேசினார். 1990இல் மேரிலாந்து பல்கலைக்கழகம். கிழக்கு ஐரோப்பிய அரசியலுக்கென உள்ள முக்கிய ஆய்விதழ் ஒன்றுக்கு 1998 முதல் 2004 வரை ஆசிரியர்.

வானொலியையும் ஆய்வையும் ஒருவரே செய்தார் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு: கித்சா இயோனெஸ்கு. 1913இல் பிறந்தவர், நாட்டை விட்டு வெளியேறிய பின் அதே வானொலியின் ருமேனியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார், 1964இல் ருமேனியக் கம்யூனிசத்தின் முதல் விரிவான வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார், அரசாங்கத்தையும் எதிர்க்கட்சியையும் பற்றிய ஆய்விதழை 1965இல் தொடங்கினார், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஆவணக் காப்பகங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் நாடிழந்த ஆய்வாளருக்கு வானொலி நிலையமே செய்தி சேரும் இடமாக இருந்தது. பத்திரிகைகள், உரைகள், தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்கள் எல்லாம் அங்கேதான் குவிந்தன.

15 பிப்ரவரி

இப்போது 2003இல் வந்த நூலுக்கு வருகிறேன். 'எல்லாப் பருவங்களுக்குமான ஸ்டாலினியம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. ருமேனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முழு அரசியல் வரலாறு. நீங்கள் எழுப்பிய கேள்விக்கு இந்த நூலை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆணையத்தை வைத்துச் சொல்வது முறையாகாது.

நூல் ஒரு புதிரிலிருந்து தொடங்குகிறது. போலந்திலும் ஹங்கேரியிலும் 1956இல் ஸ்டாலினியம் ஆட்டம் கண்டது; செக்கோஸ்லோவாக்கியாவில் 1968இல் கட்சிக்குள்ளேயே சீர்திருத்தம் எழுந்தது. ருமேனியாவில் ஏன் எதுவும் எழவில்லை? மாஸ்கோவோடு மோதத் துணிந்த ஒரு கட்சி ஏன் ஸ்டாலினை மட்டும் கைவிட மறுத்தது?

அவர் தரும் விடையின் வேர் கட்சியின் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. 1921இல் தோன்றிய கட்சி 1924இலேயே தடை செய்யப்பட்டது. ருமேனியா பிற தேசிய இனங்களை அடக்கி வைத்திருக்கும் ஏகாதிபத்திய அரசு என்ற, மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் நிலைப்பாட்டை அது சுமக்க வேண்டியிருந்தது. பெசராபியாவையும் திரான்சில்வேனியாவையும் இழக்கச் சொல்லும் கட்சிக்கு ருமேனிய மக்களிடம் என்ன ஆதரவு கிடைக்கும்? 1944இல் தலைமறைவிலிருந்து வெளியே வந்தபோது கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. சோவியத் படை வந்ததால் ஆட்சி கிடைத்தது. தங்களுக்கு மக்களிடம் வேர் இல்லை என்பதை அந்தத் தலைவர்கள் ஒவ்வொருவரும் உள்ளூர அறிந்திருந்தார்கள். அந்த அச்சம்தான் எல்லாவற்றையும் இயக்கியது என்பது திஸ்மனியானுவின் வாதம்.

இதை வைத்துக்கொண்டு பின்வரும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 1952இல் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான அன்னா பௌக்கர் வீழ்த்தப்படுகிறார். 1954 ஏப்ரலில், ஸ்டாலின் இறந்து ஓராண்டு கழிந்த பிறகு, கட்சியின் படித்த முகமாக இருந்த லுக்ரெத்சியு பத்ரஷ்கானு சுட்டுக் கொல்லப்படுகிறார். அண்டை நாடுகளில் கைதிகளை விடுவிக்கத் தொடங்கிய நேரத்தில் ருமேனியாவில் இந்தக் கொலை. மாற்றுத் தலைவராக மாஸ்கோ யாரையாவது தேடினால் அந்த ஆள் உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. 1956இல் ஸ்டாலினைக் கண்டித்த குருஷ்சேவின் உரை வந்ததும், எங்கள் ஸ்டாலினியர்களை நாங்கள் 1952இலேயே அகற்றிவிட்டோம் என்று கெயோர்கியு-தேஜ் சொல்லிவிட்டார். கட்சிக்குள் கேள்வி கேட்ட மிரோன் கான்ஸ்டன்டினெஸ்குவும் கிஷினேவ்ஸ்கியும் 1957இல் ஓரங்கட்டப்பட்டனர். 1958இல் சோவியத் படை வெளியேறியது. 1964 ஏப்ரலில் தன்னுரிமைப் பிரகடனம். மாஸ்கோவிடமிருந்து விலகியது சுதந்திரத்துக்காக அன்று, ஸ்டாலினியத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக என்பதுதான் நூலின் மையம். அதற்கு அவர் வைக்கும் பெயர் தேசிய ஸ்டாலினியம். 1965இல் வந்த சௌசெஸ்கு அதன் வாரிசு. 1989இல் கட்சியில் ஏறத்தாழ 40 லட்சம் உறுப்பினர்கள். அந்த டிசம்பரில் கட்சியைக் காப்பாற்ற ஒரு கிளைகூடத் திரளவில்லை.

இந்த நூலில் அவருடைய தந்தையை வீழ்த்திய களையெடுப்பும் வருகிறது. பழிவாங்கும் எண்ணம் இருந்திருந்தால் தேஜை வெறும் கொடியவராகத் தீட்டியிருக்கலாம். அவரோ தேஜைக் கூர்மையான அரசியல் அறிவுள்ளவராக, பொறுமையாகக் காய் நகர்த்தத் தெரிந்தவராக, தம்மைச் சுற்றியிருந்த படித்தவர்கள் எல்லாரையும்விட நிலைமையை நன்றாகப் புரிந்துகொண்டவராகக் காட்டுகிறார். தேஜால் பாதிக்கப்பட்டவர்களும் அதே கோட்பாட்டின் ஊழியர்கள்தாம் என்பதையும் மறைக்கவில்லை. பௌக்கரும் சரி, பழைய ஸ்பானியப் போராளிகளும் சரி, பலியானதால் குற்றமற்றவர்கள் ஆகிவிடவில்லை. தம் தந்தையின் தலைமுறையைப் பற்றி ஒரு மகன் இப்படி எழுதுவதற்கு மன உறுதி வேண்டும்.

16 பிப்ரவரி

நேற்றைய குறிப்பு நீண்டுவிட்டது. இருந்தாலும் ஒன்று விடுபட்டது. இந்த நூல் ஏன் என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தந்தை தொழிற்சங்கக்காரர். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் எங்கள் வீட்டு அலமாரியில் வரிசையாக இருந்தன. அவற்றின் தாளும் பைண்டிங்கும் பள்ளிப் புத்தகங்களைவிட உயர்ந்தவை. அந்த வரிசையில் ருமேனியா என்பது சோசலிச முகாமின் ஒரு நாடு, அவ்வளவுதான். பத்ரஷ்கானு என்ற பெயரை நான் முதன்முதலில் படித்தது திஸ்மனியானுவிடம்தான். என் தந்தை நல்ல மனிதர்; அவர் நம்பிய கோட்பாடு வேறொரு நாட்டில் செய்ததை அவர் அறிந்திருக்கவில்லை. அன்பையும் உண்மையையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு எழுத முடியுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. முடியும் என்பதற்கு இந்த நூலை ஒரு சான்றாகக் கருதுகிறேன்.

22 பிப்ரவரி

ஆணையத்தைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

அதிபர் திராயான் பசெஸ்கு 2006 ஏப்ரலில் ஆணையத்தை அமைத்தார். டிசம்பர் 18 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில், கம்யூனிச ஆட்சி சட்டபூர்வமற்றது, குற்றமயமானது என்று அறிவித்தார். ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர இரண்டே வாரங்கள் இருந்தன. அவர் பேசப் பேச, தீவிர தேசியவாத மகா ருமேனியக் கட்சியின் தலைவர் வதிம் துதோரும் அவருடைய ஆட்களும் கூச்சலிட்டார்கள், சீழ்க்கை அடித்தார்கள். அந்தக் காட்சிப் பதிவை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாட்டின் தலைவர் தன் நாட்டுக் கடந்த காலத்தைப் பற்றிப் பேசும் அவையில் அப்படி ஓர் இரைச்சல் எழுவதைக் கண்டபோது, அந்த உரை தேவைதான் என்று எனக்குத் தோன்றியது.

திஸ்மனியானு மீது வந்த தாக்குதல்களில் பெரும் பகுதி தீவிர வலதுசாரிகளுடையது. அதில் யூத வெறுப்பு பச்சையாகவே இருந்தது. அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பதில் சொல்ல வேண்டிய விமர்சனங்கள் வேறு. 2004இல்தான் அவர் முன்னாள் அதிபர் இயோன் இலியெஸ்குவோடு நீண்ட உரையாடல் நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். இரண்டு ஆண்டுகளில் அதே இலியெஸ்கு அறிக்கையில் பழைய ஆட்சியின் ஆட்களில் ஒருவராக இடம்பெற்றார். ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், தாம் உளவுத்துறையான செகுரிதாதேவுக்குத் தகவல் தந்ததை ஒப்புக்கொண்டு விலகினார். 2008இல் இளம் இடதுசாரிகள் சிலர் சேர்ந்து அறிக்கைக்கு எதிராக ஒரு கட்டுரைத் தொகுப்பே வெளியிட்டார்கள். பொதுமக்களின் அன்றாட வாழ்வு, தொழிற்சாலை, கல்வி, வீடு ஆகியவற்றை எல்லாம் குற்றம் என்ற ஒற்றைத் தீர்ப்புக்குள் எப்படி அடக்குவது என்பது அவர்களுடைய முக்கியக் கேள்வி.

23 பிப்ரவரி

அந்த இளைஞர்களின் கேள்வி இரவெல்லாம் மனத்தில் ஓடியது. அதில் நியாயம் இருக்கிறது என்றே இப்போது நினைக்கிறேன். 2003 நூலில் தேஜின் நோக்கங்களை அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டிய அதே அறிஞர், 600 பக்கங்களைத் தாண்டிய அந்த அரசு அறிக்கையில் தீர்ப்பின் மொழியில் பேச வேண்டியதாயிற்று. வரலாற்று நூல் வாசகரைத் தயங்க வைக்கலாம். நாடாளுமன்றத்தில் அறிவிக்கப் போகும் அறிக்கைக்கு அந்த உரிமை இல்லை. அதே நேரத்தில், அது தீர்ப்பின் மொழியில் பேசினாலும் சட்டத்தின் வலிமை அதற்குக் கிடைக்கவில்லை. பழைய ஆட்சியாளர்களைப் பதவிகளிலிருந்து விலக்கும் சட்டத்தை அரசமைப்பு நீதிமன்றம் 2010இல் செல்லாது என்றது.

அதனால் ஆணையம் அமைத்திருக்கவே கூடாது என்று சொல்வேனா? மாட்டேன். கட்டாயக் கூட்டுப்பண்ணை, சிறைகள், 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்த ஆணையால் உயிரிழந்த பெண்கள் எனப் பலவற்றை அரசே தன் பெயரில் ஒப்புக்கொண்டது. உறவினரை இழந்த குடும்பத்துக்கு ஒரு பேராசிரியரின் நூலைவிட அது மேலான ஆறுதல்.

1 மார்ச்

2012இல் அவர் அரசுப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டதைப் பற்றிக் கேட்டவருக்கு: கம்யூனிசக் குற்றங்களை ஆராயும் அரசு நிறுவனத்தின் அறிவியல் குழுவுக்கு 2010 முதல் அவர் தலைவராக இருந்தார். 2012 மே மாதத்தில் விக்டர் பொன்தாவின் புதிய அரசு பதவியேற்றதும் அவரை அகற்றியது. அரசு கொடுத்த நாற்காலியை அடுத்த அரசு எடுத்துக்கொள்ளும் என்பதால்தான், ஆய்வாளர்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு காலை ஊன்றியிருக்க வேண்டும் என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அவருக்கு மேரிலாந்து இருந்தது.

அதே ஆண்டு 'வரலாற்றில் சாத்தான்' வெளிவந்தது. கம்யூனிசத்தையும் பாசிசத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் நூல். போலந்துத் தத்துவ அறிஞர் கொலகோவ்ஸ்கியின் தாக்கம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். இரண்டும் புதிய மனிதனைப் படைக்கப் புறப்பட்டு மனிதர்களை அழித்த மதம் போன்ற நம்பிக்கைகள் என்கிறார். இந்த நூலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒப்பீடு மேலே செல்லச் செல்ல நாடுகளின் தனித்தன்மை கரைந்துபோகிறது; ருமேனியாவைப் பற்றி எழுதும்போது அவருக்கு இருக்கும் பிடிப்பு இங்கே தளர்கிறது. ஆனால் மார்க்சியத்துக்குள்ளிருந்தே பொய்யை எதிர்த்துக் கிளம்பிய சீர்திருத்தச் சிந்தனையாளர்களுக்கு அவர் உரிய இடம் தருகிறார். அந்தப் பக்கங்களை எழுதியவர் அடோர்னோவைக் கற்ற பழைய ஆராய்ச்சி மாணவர் என்றே நான் வாசிக்கிறேன்.

3 மார்ச்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்ட இருவருக்கும் ஒரே பதில்: 2003 நூல். அதிலும் தேஜின் 1956-64 காலத்தைப் பற்றிய பகுதிகளை முதலில் படியுங்கள். பெயர்கள் தடுமாற வைத்தால் கித்சா இயோனெஸ்குவின் பழைய நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆணையத்தின் அறிக்கையைக் கூட்டுப்பண்ணை பற்றிய பகுதியிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அறிக்கையை எதிர்த்து வந்த 2008 தொகுப்பையும் விட்டுவிடாதீர்கள். அதைப் படித்த பிறகு, முதல் நாள் கேட்ட கேள்வியை மாற்றிக் கேட்கத் தோன்றினால், இங்கேயே எழுதுங்கள்.